இடையில் முறியும் ஐகன் பெறுமானக் கணக்குகள்: மாதிரியெடுத்தல் முறை தவறான விடை தரும்போது எங்கே பார்ப்பது

ஆயிடையின் நடுவே ஒரு புள்ளியில் தீர்வும் அதன் பெறுதியும் பாய்ந்து மாறும் ஸ்டேர்ம்–லியூவில் கணக்குகளின் (முனை நிபந்தனைகளுடன் வரும் இரண்டாம் வரிசை வகையீட்டுச் சமன்பாடுகளின்) ஐகன் பெறுமானங்களை, அதாவது பூச்சியமல்லாத தீர்வு கிடைக்கும் பரமானப் பெறுமானங்களை, மாதிரியெடுத்தல் தொடரைக் கொண்டு (சம இடைவெளிப் புள்ளிகளில் கணித்த பெறுமானங்களிலிருந்து ஒரு சார்பை மீட்கும் தொடரைக் கொண்டு) கணிக்கும் முறை, கொழும்பில் கணிதச் சிறப்புப் பட்டம் பயில்வோரின் இறுதியாண்டுச் செயற்றிட்டங்களில் அடிக்கடி தலைகாட்டுகிறது. அப்படி எழுதப்பட்டு வெள்ளவத்தையில் என் மேசைக்கு வரும் நிரல்களில் திரும்பத் திரும்ப ஒரே பிழைகளையே காண்கிறேன். விடை பிழைத்தவுடன் மாணவர்கள் தொடரைச் சந்தேகித்து உறுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். குற்றமோ பெரும்பாலும் பாய்ச்சற் புள்ளியில் எழுதப்பட்ட இரண்டு வரிகளில் இருக்கிறது. ஆகவே கோட்பாட்டை விட்டுவிட்டு, அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழியை மட்டும் இங்கே எழுதுகிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவு குறைந்த காரணம் முதலில் நிற்கிறது.

தொடங்குமுன்: விடை தெரிந்த ஒரு கணக்கு

எந்த நிரலையும் முதலில் இந்தக் கணக்கில் ஓட்டிப் பாருங்கள். ஆயிடை −1 முதல் 2 வரை. அழுத்தச் சார்பு (சமன்பாட்டில் தீர்வைப் பெருக்கி நிற்கும் சார்பு) எதுவும் இல்லை; அதாவது இரண்டாம் பெறுதியின் எதிர்க்கணியம் லாம்டா பெருக்கல் தீர்வுக்குச் சமன். இரு முனைகளிலும் தீர்வு பூச்சியம். 0 என்ற புள்ளியில், வலப்பக்கப் பெறுமானம் இடப்பக்கப் பெறுமானத்தின் 3 மடங்கு, வலப்பக்கப் பெறுதி இடப்பக்கப் பெறுதியின் 1.5 மடங்கு. முதல் மடங்கை அ என்றும் இரண்டாவதை ஆ என்றும், லாம்டாவின் வர்க்கமூலத்தை மியூ என்றும் குறிப்போம். −1 இல் தீர்வு 0, பெறுதி 1 எனத் தொடங்கி 2 இல் கிடைக்கும் பெறுமானமே சிறப்பியல்புச் சார்பு. இந்தக் கணக்கில் அது முழுமையாக எழுதக்கூடியது:

சைன் மியூ × [(அ + ஆ) கோசைன் 2மியூ + ஆ] ÷ மியூ

இதன் மூலங்களிலிருந்து லாம்டாவின் முதல் நான்கு பெறுமானங்கள், அதாவது முதல் நான்கு ஐகன் பெறுமானங்கள், 0.9126, 4.7798, 9.8696, 16.7847 எனக் கிடைக்கின்றன.

பாய்ச்சற் புள்ளியை ஆயிடையின் நடுவில் வைக்காமல் ஒரு பக்கம் 1, மறுபக்கம் 2 என வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. −1 முதல் 1 வரையான ஆயிடையில், இரு முனைகளும் பூச்சியமாக, 0 இல் பாய்ச்சலை வைத்தால், சிறப்பியல்புச் சார்பு (அ + ஆ) சைன் மியூ கோசைன் மியூ ÷ மியூ என்று சுருங்கிவிடுகிறது. அ, ஆ என்னவாக இருந்தாலும், அவற்றின் கூட்டுத்தொகை பூச்சியமாகாத வரை, மூலங்கள் பையின் அரைமடங்குகளாகவே இருக்கும். பாய்ச்சலைத் தலைகீழாக எழுதினாலும், எழுதவே மறந்தாலும், அந்தக் கணக்கு சரியான விடையையே தரும். சமச்சீரான ஆயிடையில் மட்டும் ஓட்டிப் பார்த்த நிரல், சோதிக்கப்படாத நிரல் என்றே கொள்ள வேண்டும்.

அறிகுறி 1: முதற் பெறுமானமே தவறு; மற்றவையும் சேர்ந்து தவறு

இதுவே மிகுதியாக வரும் கோளாறு. சோதனைக் கணக்கில் கிடைத்த முதல் லாம்டாவைப் பாருங்கள். அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும்.

*1.0966 வந்தால்:* பாய்ச்சல் நடக்கவே இல்லை. இது நீளம் 3 கொண்ட முறிவில்லாத கணக்கின் விடை. நிரலில் "நிலை 0 ஆனால் பெருக்கு" என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். −1 இலிருந்து 0.1 படியாகப் பத்து முறை கூட்டினால், கணினியின் இரும எண்முறையில் அது சரியாகப் பூச்சியத்தில் வந்து நிற்பதில்லை. மிகச் சிறிய எச்சம் ஒன்று தங்கிவிடுகிறது. சமத்தைச் சோதிக்கும் நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது. நிரலும் எச்சரிக்கை எதுவும் தராமல் ஓடி முடியும். தீர்வு எளிது: −1 முதல் 0 வரை ஒரு தொகையீடு, பெருக்கல், 0 முதல் 2 வரை மற்றொரு தொகையீடு என்று இரண்டு தனித்தனி அழைப்புகளாக எழுதுங்கள்.

*0.8313 வந்தால்:* பெறுமானம் மட்டும் பாய்கிறது, பெறுதியின் பாய்ச்சல் விடுபட்டிருக்கிறது. *1.2258 வந்தால்* அதற்கு நேரெதிர்: பெறுதி மட்டும் பாய்கிறது.

*1.3231 வந்தால்:* இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அ, ஆ இடம் மாறியிருக்கலாம். மற்றது, நிபந்தனையைத் திசை மாற்றிப் படித்திருக்கலாம். அதாவது இடப்பக்கம் வலப்பக்கத்தின் 3 மடங்கு என்று எழுதியிருக்கலாம். சில கட்டுரைகள் இடப்பக்கத்தை வலப்பக்கத்தின் மடங்காக எழுதுகின்றன, சில மறுதலையாக எழுதுகின்றன, வேறு சில இரு பக்கத்துக்கும் தனித்தனிக் குணகம் வைக்கின்றன. குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது. ஐகன் பெறுமானங்கள் அ, ஆ என்பவற்றின் விகிதத்தை மட்டுமே சார்ந்தவை என்பதால், லாம்டாவைப் பார்த்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. மியூ பூச்சியத்தை அணுகும்போது சிறப்பியல்புச் சார்பின் பெறுமானத்தை எடுங்கள். சரியான நிரலில் அது 6. அ, ஆ இடம் மாறியிருந்தால் 7.5, திசை தலைகீழானால் 1.6667.

*1.5153ஐ ஒட்டிய எண் வந்தால்:* பாய்ச்சல் சரி, மாதிரி இடைவெளி தவறு. நேரே அறிகுறி 3க்குச் செல்லுங்கள்.

இவற்றில் எதுவும் அல்லாத எண் வந்தால், தொடரைத் தொடாமல், தொகையீட்டை மட்டும் தனியே சோதியுங்கள். மியூவின் சில பெறுமானங்களுக்கு நிரல் தரும் விடையை மேலே உள்ள கோவையோடு ஒப்பிடுங்கள். மியூ பையின் கால்பங்காகும்போது சரியான பெறுமானம் 1.3505.

அறிகுறி 2: பூச்சியம் ஓர் ஐகன் பெறுமானமாக வருகிறது

மியூவால் வகுக்காமல் விட்டிருக்கிறீர்கள். −1 இல் தொடக்கப் பெறுதியை 1 என்று வைப்பதற்குப் பதிலாக மியூ என்று வைத்தாலும் இதே போலி மூலம் வரும். சோதனைக் கணக்கில் பூச்சியத்தில் சார்பின் பெறுமானம் 6 என்பதால், அங்கே மூலம் இருக்க வழியில்லை. மியூவை 0 ஆகவே கொடுத்து வகுத்தால் நிரல் எண் அல்லாத விடையைத் தரும் என்பதால், அந்த ஒரு கணுவுக்கு (மாதிரி எடுக்கும் புள்ளிக்கு) எல்லைப் பெறுமானத்தைத் தனியே எழுதிவிடுங்கள்.

அறிகுறி 3: கணுக்களில் சரியாக இருக்கிறது, கணுக்களுக்கு இடையில் தவறு

தொடர் தன் கணுக்களில் எப்போதும் சரியாகவே இருக்கும். அதன் அமைப்பே அதுதான். ஆகவே கணுக்களில் ஒத்துப்போகிறது என்பது எதையும் நிரூபிக்காது. இரண்டு கணுக்களின் நடுப்புள்ளியில் சார்பை நேரடியாகத் தொகையிட்டுத் தொடர் தரும் விடையோடு ஒப்பிடுங்கள்.

ஷனன் 1949 இல் தகவல் அனுப்பலுக்காக எழுதிய அதே நிபந்தனைதான் இங்கும் செயற்படுகிறது: மாதிரி இடைவெளி, பையை அகலத்தால் வகுத்த பெறுமானத்தை மிஞ்சக் கூடாது. இந்தக் கணக்கில் அகலம் என்பது ஆயிடையின் முழு நீளம், அதாவது 3. எனவே இடைவெளி 1.0472ஐத் தாண்டக் கூடாது. வழக்கமான தவறு, வலது முனையின் ஆள்கூறான 2ஐ, அல்லது பாய்ச்சலுக்குப் பிந்திய துண்டின் நீளத்தை, அகலமாகக் கொள்வது. முறிவில்லாத கணக்குகள் பெரும்பாலும் 0 இலிருந்து தொடங்குவதால் அங்கே முனையின் ஆள்கூறும் நீளமும் ஒன்றாகவே இருக்கும். அந்தப் பழக்கம் இங்கே காலை வாரிவிடுகிறது.

2ஐ அகலமாகக் கொண்டு பையின் அரைமடங்குகளில் மாதிரி எடுத்தால் என்ன நடக்கும் என்பதைக் கையாலேயே காட்டலாம். அந்தக் கணுக்களில் உண்மைச் சார்போடு முற்றிலும் ஒத்துப்போகும் வேறொரு சார்பு இருக்கிறது: சைன் மியூ × (9 கோசைன் மியூ − 3) ÷ மியூ. தொடர் அதையே மீட்டுத் தரும். பையின் கால்பங்கில் உண்மை விடை 1.3505 ஆக இருக்க, தொடர் 3.0286 என்று சொல்லும். முதல் மூலம் கோசைன் 1/3 ஆகும் இடத்தில் வரும், லாம்டா 1.5153. எத்தனை உறுப்புகளைச் சேர்த்தாலும் இந்த எண் அசையாது. முடிவிலி வரை கூட்டினாலும் அதுவே வரும்.

எண்ணிக்கையாலும் இதைப் பிடிக்கலாம். பூச்சியத்துக்கும் ஒரு மியூவுக்கும் இடையிலான மூலங்களின் எண்ணிக்கை, மியூவை நீளத்தால் பெருக்கிப் பையால் வகுத்த எண்ணை ஒட்டியே இருக்க வேண்டும். சோதனைக் கணக்கில் பை வரை மூன்று மூலங்கள். இரண்டு மட்டுமே வந்தால், அகலத்தைக் குறைவாகக் கொண்டிருக்கிறீர்கள்.

அறிகுறி 4: உறுப்புகளைக் கூட்டினாலும் தசம தானங்கள் கூடவில்லை

*மிக மெதுவாகக் கூடுகிறதா, ஓர் இடத்தில் நின்றே விட்டதா?* இரண்டும் வேறு வேறு கோளாறுகள். முதலில் இதைப் பிரியுங்கள்.

நின்றுவிட்டால், மாதிரிப் பெறுமானங்களே அவ்வளவுதான் திருத்தமாக உள்ளன. தொகையீட்டு நிரலின் சகிப்பு 10 இன் −6 ஆம் அடுக்கில் இருக்கும்போது, தொடர் பத்து தானங்களைத் தராது. சகிப்பை இறுக்குங்கள். இறுக்கியும் முன்னேற்றம் இல்லையெனில், தொகையீடு எங்காவது முறிவைக் கடந்து செல்கிறது. நான்காம் வரிசை ரங்கே–குட்டா முறையில் படியைப் பாதியாக்கும்போது வழு ஏறத்தாழ 16 இல் ஒரு பங்காகக் குறைய வேண்டும். பாதியாக மட்டுமே குறைந்தால், ஒரு படி முறிவின் இருபுறமும் கால் வைத்திருக்கிறது என்று பொருள். தீர்வின் பாய்ச்சலைக் கவனித்தவர்கள்கூட, அழுத்தச் சார்பு வேறொரு புள்ளியில் பாய்வதை மறந்துவிடுவதுண்டு. அந்தப் புள்ளியிலும் தொகையீட்டை நிறுத்தித் தொடங்க வேண்டும்.

மெதுவாகக் கூடினால், சார்பு மெதுவாகத் தேய்கிறது. இரு முனைகளும் பூச்சியமாக உள்ள கணக்கில் அது மியூவின் தலைகீழ் அளவில் மட்டுமே தேயும். வலது முனையில் பெறுதிக்கு நிபந்தனை இருந்தால் தேய்வதே இல்லை. அந்நிலையில் தொடரை நேரடியாகப் பயன்படுத்தவே கூடாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: அழுத்தச் சார்பு இல்லாத கணக்கின் கோவையை, பாய்ச்சலையும் சேர்த்து, கையால் எழுதிக் கழித்துவிட்டு, எஞ்சியதை மட்டும் மாதிரியெடுங்கள். பூமெனீரும் சனானும் 1996 இல் மாதிரியெடுத்தலை ஐகன் பெறுமானக் கணிப்புக்குக் கொண்டுவந்த காலத்திலிருந்து இந்த முறையில் செய்யப்படும் வேலையில் பெரும்பகுதி, எதைக் கழிப்பது என்பதைத் தீர்மானிப்பதே. கழிக்கும் கோவையில் பாய்ச்சலைச் சேர்க்க மறந்தால், எஞ்சியது முன்னைவிட வேகமாகத் தேயாது.

அதுவும் போதாதெனில் கோஸ் பெருக்கியைச் சேருங்கள். தொடரின் ஒவ்வோர் உறுப்பிலும் வரும் சிங்க் சார்போடு (சைனை அதன் கோணத்தால் வகுத்த சார்போடு) மணி வடிவக் கோஸ் சார்பு ஒன்றையும் பெருக்கி, தேடும் புள்ளியின் இருபுறமும் குறிப்பிட்ட எண்ணிக்கையான கணுக்களை மட்டும் எடுக்கும் இந்த வடிவத்தில், வழு அடுக்குக்குறி வேகத்தில் சுருங்குகிறது. பையிலிருந்து இடைவெளியும் அகலமும் பெருக்கி வந்ததைக் கழித்து, அதைப் பாதியாக்கி, ஒரு பக்கக் கணுக்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். அந்த எண்ணின் எதிர்க்கணியமே அடுக்கு. சோதனைக் கணக்கில் இடைவெளியைப் பையின் ஆறில் ஒரு பங்காக வைத்து, ஒரு பக்கம் 20 கணுக்கள் எடுத்தால், அந்தக் காரணி 10 இன் −7 ஆம் அடுக்கின் ஒன்றரை மடங்கு அளவில் இருக்கும். "கோஸ் பெருக்கியும் உதவவில்லை" என்று வருவோரில் பலர் இடைவெளியை அனுமதிக்கப்பட்ட உச்சத்திலேயே வைத்திருக்கிறார்கள். அங்கே அடுக்கு பூச்சியமாகிவிடுவதால் பெருக்கி சேர்த்ததற்குப் பயனே இல்லை. இடைவெளியை அந்த உச்சத்தின் பாதியாக்குங்கள்.

சைன் பின்னத்தின் (மியூவின் ஒரு மடங்கின் சைனை அதே மடங்கால் வகுத்ததன்) அடுக்குகளால் பெருக்கித் தேய்வைக் கூட்டும் முறையை எடுத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இறுதியில் அதே பின்னத்தால் வகுக்க வேண்டும். அது பூச்சியமாகும் இடத்தருகே விடை சிதறும். முதல் சில பெறுமானங்கள் சரியாக இருந்து, ஒரு மியூவுக்குப் பின் திடீரென்று சிதறினால், இதுவே காரணம். அந்தப் பூச்சியம் தேடும் வீச்சுக்கு வெளியே விழும்படி பின்னத்தின் பரமானத்தை, அதாவது அந்த மடங்கை, சிறிதாக்குங்கள். அப்படிப் பெருக்குவதால் அகலமும் கூடுகிறது என்பதை இடைவெளியில் கணக்கெடுங்கள்.

அறிகுறி 5: சில ஐகன் பெறுமானங்கள் காணவில்லை

*தொடக்கத்தில் உள்ளவை காணவில்லையெனில்:* அவை மறையாக இருக்கலாம். சோதனைக் கணக்கில் அழுத்தச் சார்பை −10 என்ற மாறிலியாக வைத்துப் பாருங்கள். விடைகள் எல்லாம் பத்தால் இறங்க வேண்டும்: −9.0874, −5.2202, −0.1304, 6.7847. மெய் மியூவில் மட்டும் தேடும் நிரல் முதல் மூன்றையும் விட்டுவிட்டு 6.7847ஐ முதலாவதாகக் காட்டும். கற்பனை அச்சிலும் தேடலாம்; ஆனால் அங்கே சார்பு அடுக்குக்குறியாக வளர்வதால் மாதிரி வழுக்களும் அதே வேகத்தில் பெருகும். அழுத்தச் சார்போடு போதிய மாறிலியைக் கூட்டி எல்லாவற்றையும் நேராக்கிக் கணித்து, இறுதியில் கழிப்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

*நடுவில் சோடியாகக் காணவில்லையெனில்:* தேடும் படி பெரிது. அ 1, ஆ 99 என வைத்தால், முதல் இரண்டு மியூக்கள் 1.5000, 1.6416. 0.2 படியில் குறிமாற்றம் தேடும் நிரல் இரண்டையும் ஒரே படிக்குள் தாண்டிப் போகக்கூடும். முனை நிபந்தனைகள் தனித்தனியாக இருந்து, அ, ஆ இரண்டும் நேராக இருக்கும் கணக்குகளில் மூலங்கள் தனி மூலங்களே. ஆகவே சார்பு அச்சைத் தொட்டுத் திரும்புவது போல் தெரிந்தால் அங்கே படியை நுணுக்குங்கள்.

எண்ணிக்கையில் ஐயம் நீங்காவிட்டால், ஐகன் சார்பை வரைந்து, ஆயிடைக்குள் அது அச்சை வெட்டும் தடவைகளை எண்ணுங்கள். அ, ஆ இரண்டும் நேராக இருந்தால், முதலாவது ஒரு தடவையும் வெட்டாது, இரண்டாவது ஒருமுறை, மூன்றாவது இருமுறை. இந்த வரிசையில் விடுபட்ட எண் எதுவோ, அந்தப் பெறுமானமே காணாமற்போனது.

அறிகுறி 6: சிக்கலெண் மூலங்கள், அல்லது மும்மடி மூலங்கள்

அ, ஆ என்பவற்றின் பெருக்கம் மறையா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு கழித்தற்குறி தவறி விழுந்திருக்கும். அ 3, ஆ −2 என்றால் கோசைன் 2மியூ 2 ஆக வேண்டும். மெய் மியூவில் அது நடவாது. அ 3, ஆ −1.5 என்றால் பையின் மடங்குகளில் மும்மடி மூலங்கள் வரும். கணக்கே உண்மையில் அப்படித்தான் என்றால், அது வழக்கமான தன்னிணைக் கணக்கு அல்ல. இந்தக் குறிப்பின் எல்லைக்கு வெளியே போய்விட்டீர்கள்.

அறிகுறி 7: ஐகன் பெறுமானங்கள் சரி, ஆனால் கிரேமர் தொடர் சார்பை மீட்கவில்லை

கிரேமரின் 1959 ஆம் ஆண்டுத் தேற்றத்தைப் பின்பற்றி, ஐகன் பெறுமானங்களையே கணுக்களாகக் கொண்டு ஒரு தொகையீட்டு உருமாற்றத்தை மீட்க முயலும்போது வருவது இது. காரணம் ஏறத்தாழ எப்போதும் நிறை. முறிவுள்ள கணக்கில் இரண்டு ஐகன் சார்புகள் சாதாரண தொகையீட்டில் செங்குத்தாக அமைவதில்லை. இடத் துண்டை அ, ஆ என்பவற்றின் பெருக்கத்தால், வலத் துண்டை 1ஆல் நிறையிட வேண்டும். சோதனைக் கணக்கில் இட நிறை 4.5.

இதைச் சோதிக்க முதல் இரண்டு ஐகன் சார்புகளை எடுங்கள். இடத் துண்டில் அவற்றைச் சைன் மியூ(தூரம் + 1) என்று அளவிடுங்கள். இடத் துண்டில் அவற்றின் பெருக்கத்தின் தொகையீடு 0.3830, வலத் துண்டில் −1.7233. நிறையின்றிக் கூட்டினால் பூச்சியம் வராது, முதலாவதை 4.5ஆல் பெருக்கிக் கூட்டினால் வரும். மியூ பையாகவும் இருமடங்கு பையாகவும் உள்ள இரண்டு சார்புகளைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். அவை ஒவ்வொரு துண்டிலும் தாமாகவே செங்குத்தாக இருப்பதால், நிறை என்னவாக இருந்தாலும் சோதனை தேறிவிடும்.

நிறை சரியாக இருந்தும் மீளவில்லையெனில், வகுத்தியில் வரும் பெறுதி லாம்டாவைக் குறித்தா, மியூவைக் குறித்தா என்று பாருங்கள். இரண்டுக்கும் இடையே இருமடங்கு மியூ என்ற காரணி நிற்கிறது.

மேற்பார்வையாளரிடம் போகுமுன் இறுதிச் சோதனை

அ, ஆ ஒரே குறியுடையவை என்றால், பாய்ச்சலையே இல்லாமற் செய்யலாம். வலத் துண்டின் தீர்வை அவால் வகுங்கள்; இப்போது அது தொடர்ச்சியாகிவிடும். பெறுதியின் முறிவை, முதற்குணகமும் நிறையும் இடப்பக்கம் 1, வலப்பக்கம் அ ÷ ஆ என்ற படிச்சார்பாக ஏற்றுக்கொள்ளும். சோதனைக் கணக்கில் வலப்பக்கம் 2. அழுத்தச் சார்பையும் வலப்பக்கத்தில் அதே எண்ணால் பெருக்க வேண்டும். இது வழக்கமான ஸ்டேர்ம்–லியூவில் கணக்கு. குணகங்களைத் துண்டுதுண்டாக மாறிலியாக்கிக் கணிக்கும் ஸ்லெஜ் என்ற ஃபோட்ரான் நிரலிலோ, 0 ஒரு வலைப்புள்ளியாக அமையும்படி எழுதிய எளிய முடிவுள்ள கனவளவு முறையிலோ இதை ஓட்டலாம். மாதிரியெடுத்தல் தரும் எண்களும் இதுவும் ஒத்துப்போனால், உங்கள் நிரல் சரி.

எப்போது வல்லுநரிடம் போக வேண்டும்

இரு முறைகளும் ஒத்துப்போகாமல், மேலே உள்ள சோதனைகள் எல்லாம் தேறியிருந்தால், இனித் தனியே நேரம் செலவிட வேண்டாம். அழுத்தச் சார்பு பாய்ச்சற் புள்ளியிலோ முனையிலோ முடிவிலியாகும் கணக்குகளுக்கும், அ, ஆ பெருக்கம் உண்மையாகவே மறையான கணக்குகளுக்கும் தொடக்கத்திலேயே எண்ணியற் பகுப்பாய்வில் பயிற்சியுள்ள ஒருவர் தேவை. ஐகன் பரமானம் முனை நிபந்தனைக்குள்ளோ பாய்ச்சல் நிபந்தனைக்குள்ளோ வரும் கணக்குகளும் அவ்வாறே. முனையில் வருவதை வோல்ட்டர் 1973இலும் ஃபுல்ட்டன் 1977இலும் கையாண்டார்கள். அங்கே சார்புகளின் வெளியையே கூடுதல் கூறு ஒன்றால் விரிக்க வேண்டியிருப்பதால், மேலே சொன்ன நிறை போதாது. ஆய்வேட்டில் "இத்தனை தானங்கள் நிச்சயம்" என்று நிறுவ வேண்டியிருந்தால், வெட்டு வழுவுக்கும் (தொடரை இடையில் நிறுத்துவதால் வருவதற்கும்) மாதிரி வழுவுக்கும் தனித்தனி மேல்வரம்பு வேண்டும். அதுவும் தனியாகச் செய்யத்தக்கதல்ல.

போகும்போது முழு நிரலைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: பாய்ச்சல் நிபந்தனை, எது எதன் மடங்கு என்று சொற்களில், ஆயிடையின் நீளமும் நீங்கள் எடுத்த மாதிரி இடைவெளியும், சோதனைக் கணக்கில் கிடைத்த முதல் நான்கு பெறுமானங்கள், மியூ பூச்சியத்தில் சிறப்பியல்புச் சார்பின் பெறுமானம், படியைப் பாதியாக்கியபோது வழு எத்தனை மடங்கு குறைந்தது என்பது. பெரும்பாலான கோளாறுகளை இந்த ஐந்து வரிகளிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.